பெவின் வைத்த கொடி

தூத்துக்குடி
12.1.2025

பிரியமான ஜெஸ்மிக்கு, உன் மைனி கிருபாபாய் எழுதுவது. கர்த்தர் புண்ணியத்தில் உன் அண்ணனும் நானும் சுகம். அண்ணனுக்கு முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முறுக்கிக்கொள்கிறது. விஜயராஜ் தம்பிக்கு இருமல் நின்றதா? உங்கள் ஊர்ப் பனியில் காதை மூடிக்கொண்டு தோட்டத்துக்குப் போகச் சொல்.

போனில் கேட்டால் ஒரு நிமிஷத்தில் முடியுமே என்று அண்ணன் முணுமுணுக்கிறார். கப்பல் கம்பெனிக்காரன் பேசிய நாளில் இருந்து நான் அந்தச் சனியனைக் காதில் வைப்பதில்லை. அது அவருக்கு மறந்துபோகும், உனக்கு மறக்காது.

பெவினுடைய திராட்சைக் கொடி இந்தக் கிறிஸ்துமஸுக்குச் சிவந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். நரம்பு மட்டும் பச்சை, மற்றதெல்லாம் சிவப்பு. கேரல் பாட வந்த பிள்ளைகள் பாட்டை விட்டுவிட்டுப் பந்தலையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். மத்தியானம் அடியில் கட்டிலைப் போட்டுப் படுத்தால் என் வெள்ளைச் சேலை, கை, தலையணை எல்லாம் சிவப்பாகத் தெரிகிறது. அந்த வெளிச்சத்தில் கண் அசந்தால் யாரோ என்னைத் தண்ணீருக்குள் மெதுவாக இறக்கிவிடுவது போல இருக்கிறது. துறைமுகத்துச் சங்கு ஊதினால்தான் விழிப்பேன்.

கருங்கடல் ஓரத்தில் போத்தி என்ற துறைமுகத்தில் யாரோ தந்தார்கள் என்று ஈரத்துணியில் சுற்றி, ரப்பர் பூட்ஸுக்குள் ஒளித்து அவன் கொண்டுவந்த குச்சி. "உப்புக்காத்துல வருதான்னு பாப்பம்மா" என்று நட்டுவிட்டு அடுத்த கப்பலுக்குப் போனான். கப்பலில் ஆளைக் காணவில்லை என்று அந்தக் கம்பெனிக்காரன் சொல்லி வருகிற மார்ச்சில் நாலு வருஷம். காணவில்லை என்றுதான் சொன்னான், வேறொன்றும் சொல்லவில்லை. கொடி இத்தனை செழிப்பாக இருக்கும்போது அதை நட்டவனுக்கு ஒரு குறையும் வராது.

பழம்தான் புளிப்பு. திருவிருந்துக்கு ரசம் பிழிந்து கொடுத்தேன். நம் சபை ஐயர் ஒரு மிடறு ருசி பார்த்துவிட்டு, "சீனி கொஞ்சம் தூக்கலா போட்டுக்கிடுவோம்மா" என்றார். நீ வாங்கிப்போன குச்சி எப்படி இருக்கிறது? மூன்று வருஷமாக நான்தான் கேட்கிறேன். நீயாக ஒரு வரி எழுதக் காணோம்.

உன் மைனி,
கிருபாபாய்

*

சுருளிப்பட்டி
5.2.2025

அன்பான மைனிக்கு ஜெஸ்மியின் ஸ்தோத்திரம். இவருக்கு இருமல் நின்றுவிட்டது. காதுக்குத் துண்டு கட்டச் சொன்னதை வாசித்துக் காட்டினேன். அன்றைக்கு மட்டும் கட்டினார். அண்ணன் முழங்காலுக்கு நொச்சி இலை ஒத்தடம் கொடுங்கள்.

இங்கே மிச்சப் பந்தல்களிலும் கொடியைக் கவாத்து வெட்டி முடித்தாகிவிட்டது. விடியற்காலையில் பனி விலகும்வரை பந்தல்கள் கண்ணுக்குத் தெரியாது. வெட்டின நுனிகளில் இருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும் தோட்டம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கும். பனிக்குள் நின்று அதைக் கேட்டால் நேரம் போவது தெரியாது. உங்களுக்குப் பிடிக்கும்.

பெவின் குச்சி பெரிதாகிவிட்டது மைனி. தெற்கு மூலையில் எங்கள் பன்னீர் திராட்சையோடு சேர்ந்து பந்தல் ஏறிவிட்டது. இலையும் அதே சிவப்புத்தான்.

சும்மா ஒன்று கேட்கிறேன். உங்கள் கொடியில் இலையின் ஓரம் கீழே பார்த்துச் சுருளுகிறதா? கணு இடுக்குகளில் மாவு அப்பினது போல வெள்ளைப் பூச்சி, அதைத் தேடி எறும்பு, அப்படி ஏதாவது உண்டா? ஒரே குலையில் சில பழம் கறுத்தும் சில பழம் பழுக்காமலும் நிற்கிறதா? ஒன்றும் அவசரம் இல்லை, நேரம் கிடைக்கும்போது பார்த்துச் சொன்னால் போதும்.

மருமகன் பெவின் வரும்போது இங்கேயும் கூட்டி வாருங்கள்.

அன்புடன்,
ஜெஸ்மி

*

தூத்துக்குடி
24.2.2025

ஏளா ஜெஸ்மி, நீ எப்போது டாக்டருக்குப் படித்தாய்? இலையைக் காட்டு, நாக்கை நீட்டு என்கிற மாதிரி எழுதியிருக்கிறாய். நாங்கள் சுகம். நொச்சி ஒத்தடத்தில் அண்ணனுக்குக் கொஞ்சம் குணம்.

நீ கேட்டது எல்லாம் உண்டு. இலை சுருளத்தான் செய்கிறது, காசை மடக்கிப் பிடித்த கை மாதிரி. வெள்ளைப் பூச்சியும் இருக்கிறது, எறும்பும் இருக்கிறது. அதுகளும் பிழைக்க வேண்டாமா?

நேற்று மத்தியானம் ஒரு சொப்பனம். அந்தக் காலத்தில் முத்துக் குளித்த பார் இருக்கிறதே, கடலுக்கு அடியில், அந்தப் பாறைமேல் பெவின் நடந்து வருகிறான். தண்ணீர் பந்தல் வெளிச்சம் போலச் சிவப்பு. கால்சட்டையை முட்டுவரை மடித்துவிட்டிருக்கிறான், கடலடியில் எதற்கு மடிப்பது என்று எனக்குச் சிரிப்பு வருகிறது. "ஒரு சிப்பியக்கூட காணோம்மா, எல்லாம் எங்க போயிட்டு?" என்று கேட்கிறான். பதில் சொல்ல வாயைத் திறந்தால் சங்கு ஊதிவிட்டது.

ஆடியில் நம் சபையில் ஸ்தோத்திரப் பண்டிகை. காணிக்கையாக வருகிற கோழி, தேங்காய், வாழைத்தார் எல்லாம் கோவில் வளாகத்தில் ஏலம் போகும், உனக்குத் தெரியுமே. போன இரண்டு வருஷமும் பெவின் பேரில் நான் கொடுத்த குச்சிகளுக்கு அத்தனை போட்டி. இந்த வருஷம் பையில் வேர் பிடிக்க வைத்து, கன்றாகவே கொடுக்கப் போகிறேன். நல்லாச் சிவந்த கொப்பாகப் பார்த்து வெட்டினேன். உனக்குத் தந்ததும் அந்தக் கொப்புத்தான், அதனால்தான் உன் தோட்டத்திலும் அதே சிவப்பு. ஆண்டவர் தொட்ட கொப்பு அது.

உன் மைனி

*

சுருளிப்பட்டி
9.4.2025

அன்பான மைனிக்கு, பதில் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் இருவருடைய சுகத்துக்காகவும் தினமும் ஜெபிக்கிறேன். நாங்களும் நன்றாக இருக்கிறோம். முந்திக் கவாத்து வெட்டின பந்தல்களில் அறுப்பு நேரம், கை ஓயவில்லை. விளைச்சல் இந்தத் தடவை கொஞ்சம் மட்டம். மழை ஏமாற்றினால் அப்படித்தான்.

உங்கள் சொப்பனத்தை இரண்டு தடவை வாசித்தேன். பிறகு வாசலில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

கன்றுகளைப் பற்றி. இந்த வருஷம் வெயில் கடுமை என்கிறார்கள். பையில் உள்ளது தாங்காது, வாங்குகிறவர்கள் உங்களைத்தான் குறை சொல்வார்கள். பண்டிகைக்கு வேறு ஏதாவது கொடுக்கலாமே மைனி. உங்கள் கை முந்திரிக்கொத்துக்கு ஊரே காத்திருக்கும்.

மருமகன் வரும்போது ஒரு பெட்டி பன்னீர் திராட்சை கொண்டுவருகிறேன்.

ஜெஸ்மி

*

தூத்துக்குடி
28.4.2025

ஏளா, முந்திரிக்கொத்தா? பல் போனவர்கள் பாதிப்பேர் இருக்கிற சபையில் அதை ஏலம் விட்டு நான் பழி ஏற்கவா? நாங்கள் சுகம். அண்ணன் ஒத்தடத்தை நிறுத்திவிட்டு மறுபடி நொண்டுகிறார்.

வெயிலும் இல்லை, ஒன்றும் இல்லை. கன்றுகள் எல்லாம் துளிர்த்துவிட்டன. காலையும் மாலையும் உப்புத்தூசி போக நல்ல தண்ணீரில் இலையைத் துடைக்கிறேன். அந்த வேலை செய்யும்போது கூடவே யாரோ நிற்கிற மாதிரி ஒரு நிம்மதி.

நல்ல சேதி ஒன்று. சாத்தான்குளத்துக் கிருபாநிதி அண்ணாச்சி வந்திருந்தார், பாத்திரக்கடை வைத்திருக்கிறாரே, அவர்தான். செம்மணல் தேரி ஓரத்தில் நிலம் வாங்கித் திராட்சை போடுகிறாராம். எங்கிருந்தோ கன்று வரவழைத்து நட்டாகிவிட்டது. என் பந்தலைப் பார்த்துவிட்டு மனிதர் வாயடைத்துப்போனார். "ஏலத்துல அம்புட்டையும் நானே எடுத்துக்கிடுதேன், நடுவரிசையில வைக்கேன், பெவின் தோட்டம்னு போர்டு மாட்டுதேன்" என்கிறார். அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, அத்தனை சந்தோஷம். அவன் வந்து பார்க்கும்போது அவன் பேரில் ஒரு தோட்டமே நிற்கும்.

உன் மைனி

*

சுருளிப்பட்டி
7.5.2025

என் அன்பான மைனிக்கு. நீங்களும் அண்ணனும் சுகமாக இருக்க வேண்டும். இதை உட்கார்ந்து வாசியுங்கள்.

கன்றுகளைக் கிருபாநிதி அண்ணாச்சிக்குக் கொடுக்காதீர்கள். யாருக்குமே கொடுக்காதீர்கள். அந்தக் கொடிக்கு நோய்.

போன வருஷம் செப்டம்பரில் எங்கள் தெற்கு மூலைப் பந்தல் திடீரென்று சிவந்தது. பழம் இனிக்கவே இல்லை. ஆராய்ச்சி நிலையத்தில் இருந்து ரம்யா என்ற ஆபீசர் வந்து இலையைப் பறித்துக்கொண்டு போய்ச் சோதித்தார். இலைச்சுருள் வைரஸ் என்று சொன்னார். இலை செய்கிற சர்க்கரை பழத்துக்கு இறங்க முடியாமல் இலையிலேயே தேங்கிவிடுமாம், அந்தச் சிவப்பு அதனால்தானாம். இதற்கு மருந்து கிடையாது. நோயுள்ள கொடியில் வெட்டிய குச்சி எதுவானாலும் நோயோடுதான் வளரும், மாவுப்பூச்சி அதைப் பக்கத்துக் கொடிகளுக்குக் கொண்டுபோகும். செய்யக்கூடியது ஒன்றுதான். வேரோடு பிடுங்கி எரித்துவிட்டு, பூச்சியையும் எறும்பையும் ஒழித்து, நிலத்தைச் சும்மா போட்டு, பிறகு சோதித்த கன்றாக வாங்கி நட வேண்டும்.

எங்கள் தோட்டத்தில் பாதி போய்விட்டது மைனி. மார்ச்சில் பிடுங்கினோம். எரித்த புகை இரண்டு நாள் தரையோடு படுத்துக் கிடந்தது. இவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "ஒங்க மைனிக்கு எழுதிரு, மத்தவங்க தோட்டமாச்சும் பொழைக்கட்டும்" என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தார். என்னால் முடியவில்லை. மழை, வெயில் என்று என்னென்னவோ எழுதினேன். மற்றவர் நிலமும் போகும் என்று ஆன பிறகு மறைக்கக் கூடாது. உங்களுடையதையும் எடுத்துவிட வேண்டும்.

பெவின்மேல் ஒரு குற்றமும் இல்லை. அவன் ஆசையாகக் கொண்டுவந்தான்.

உங்கள் ஜெஸ்மி

*

சுருளிப்பட்டி
11.6.2025

அன்பான மைனிக்கு. சுகமா? ஒரு மாதமாக உங்கள் எழுத்தைக் காணவில்லை. அண்ணனுக்குப் போன் பண்ணினால், "இருக்கா, இருக்கா" என்று வைத்துவிடுகிறார்.

இங்கே சாரல் தொடங்கிவிட்டது. பிடுங்கின இடத்தில் புல் முளைத்திருக்கிறது. மீதிப் பந்தலில் தினமும் இலை இலையாகத் திருப்பிப் பார்க்கிறோம். ஒன்று சிவந்தால் அன்று இவர் சாப்பிடுவதில்லை.

என்னைத் திட்டியாவது எழுதுங்கள் மைனி.

ஜெஸ்மி

*

தூத்துக்குடி
24.6.2025

அன்புத் தங்கை ஜெஸ்மிக்கு ஞானையா எழுதுவது. சுகம் என்று எழுதத்தான் ஆசை. போனில் சொன்னால் அவள் காதில் விழும், அதனால் தபாலாபீஸில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன் கடிதத்தை அவள் என் கையில் கொடுத்து வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். "எம்புள்ள கொண்டாந்தது சீக்கா?" என்றாள். கடிதத்தை வாங்கி மடித்து வைத்துவிட்டாள். சமைக்கிறாள், கோவிலுக்கு வருகிறாள். பொழுதுக்கும் பந்தலுக்கு அடியில்தான். கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தவில்லை. மேற்கே இருந்து வீசுகிற கச்சான் காற்றில் பந்தல் ஆடும்போது அவள் மேல் சிவப்பும் நிழலும் ஓடுகிறது. கூப்பிட்டால் வெகுதூரத்தில் இருந்து வருகிறவள் மாதிரி திரும்பிப் பார்க்கிறாள்.

பண்டிகை ஜூலை இருபதாம் தேதி. கிருபாநிதியிடம் நானே சொல்லிவிடலாம். ஆனால் அந்தக் கொடி இருக்கிறவரைக்கும் அவளுக்கு அவன் இருக்கிறான். அதை எப்படியம்மா நான் வெட்டுவேன்?

உன் அண்ணன்,
ஞானையா

*

சுருளிப்பட்டி
5.7.2025

அன்பான மைனிக்கு. சுகத்தை அண்ணனிடம் கேட்டுக்கொண்டேன்.

யோசித்துப் பார்த்தேன். உங்கள் கொடி வீட்டு முற்றத்தில் தனியாகத்தானே நிற்கிறது. சுற்றுவட்டாரத்தில் திராட்சைத் தோட்டம் கிடையாது. நீங்கள் அதைப் பிடுங்க வேண்டாம். பூச்சிக்கு மட்டும் வேப்பெண்ணெய் கரைத்து அடியுங்கள், எறும்பு ஏறாமல் பாருங்கள். அது பாட்டுக்கு இருக்கட்டும். கன்றுகளை மட்டும் கொடுக்காதீர்கள். அது போதும்.

எங்கள் தோட்டம் போனது போகட்டும். நீங்கள் அடியில் கட்டில் போட்டுப் படுங்கள். மருமகன் வரும்போது கொடி அங்கேயே இருக்கட்டும்.

உங்கள் ஜெஸ்மி

*

தூத்துக்குடி
4.8.2025

ஏளா ஜெஸ்மி,

சுகம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். முதலில் உன்னைத் திட்ட வேண்டும்.

உன் மே மாதக் கடிதத்துக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. என் பிள்ளையைச் சீக்காளி என்று எவளோ சொன்ன மாதிரி இருந்தது. உன் தோட்டம் பாதி போனது என் கண்ணிலேயே படவில்லை. அந்த வரியை நான் தாண்டித் தாண்டி வாசித்திருக்கிறேன். இரண்டு மாதம் உனக்கு எழுதக் கூடாது என்றே இருந்தேன்.

ஜூலையில் நீ எழுதியதுதான் என்னை எழுப்பிவிட்டது. சொந்தத் தோட்டத்தை வேரோடு பிடுங்கி எரித்தவள், என்னைப் பார்த்து நீங்கள் பிடுங்க வேண்டாம், அடியில் படுத்துக்கொள்ளுங்கள் என்கிறாள். சீக்கு என்று தெரிந்தும் வைத்துக்கொள்ளச் சொல்கிறாள். அப்படியானால் இவர்கள் எல்லோரும் என்னை என்னவென்று நினைத்து நடத்தி வருகிறார்கள் என்று யோசித்தேன். அன்று மத்தியானம் அங்கே படுத்தும் தூக்கம் வரவில்லை.

பண்டிகை அன்று கிருபாநிதி அண்ணாச்சி வேனோடு வந்தார். கன்று கிடையாது என்றேன். "தரமாட்டேன்னு நேரா சொல்லுங்க, எதுக்கு சீக்குகீக்குன்னு சாக்கு?" என்று முகத்தைத் தூக்கிக்கொண்டார். "அண்ணாச்சி, எங்க ஜெஸ்மிக்குப் பாதித் தோட்டம் போயிட்டு. நட்டா ஒங்களுக்கும் போயிரும்" என்றேன். சனங்கள் எல்லாம் ஏலத்தை விட்டுவிட்டு எங்களையே பார்த்தார்கள். பிறகு அவரே கன்றுகளை வேனில் ஏற்றிக்கொண்டு போய் எரிக்க உதவினார். நல்ல மனிதர்தான்.

போன வருஷங்களில் ஏலத்தில் குச்சி எடுத்தவர்கள் இருக்கிறார்களே. நானும் அண்ணனும் ஸ்கூட்டரில் வீடு வீடாகப் போனோம். எங்கே போனாலும் அந்தச் சிவப்பு சுவர்மேல் எட்டிப் பார்த்தது. முத்தையாபுரத்தில் நம் பழைய பக்கத்து வீட்டுச் செல்லக்கிளி, ஞாபகம் இருக்கிறதா? கோவில் ஏலம் என்று நான் சொன்னதும் ஓடி வந்து எடுத்த பிள்ளை. கிணற்றடியில் கண் போல வளர்த்திருந்தாள். வெட்டிவிடு என்றால் திகைத்துப்போய், "எக்கா, பெவின் தம்பி வந்து கேட்டா நான் என்ன சொல்லுவேன்?" என்றாள்.

அவள் எனக்காகத்தான் அப்படிக் கேட்டாள், ஜெஸ்மி. அவள் கண்ணைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. நாலு வருஷமாக ஊரே என்னிடம் அப்படித்தான் பேசுகிறது.

"அவன் வரமாட்டான் செல்லக்கிளி. நீ வெட்டு" என்றேன்.

சொன்ன பிறகுதான் அது என் காதிலேயே விழுந்தது. அண்ணன் ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றவர் ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டார். வீடு வருகிற வரைக்கும் கழற்றவில்லை.

மறுநாள் காலையில் கூலி வேலைக்கு வருகிற வன்னியபெருமாளைக் கடப்பாரையோடு வரச்சொன்னேன். வேர் தண்ணீர்த்தொட்டிக்கு அடியில் போயிருந்தது. ஒரு துண்டும் மிச்சம் வைக்கக் கூடாது என்று கூடவே நின்றேன். உப்பளத்துப் பக்கம் கொண்டுபோய் எரித்தோம், காற்று புகையைக் கடலுக்குக் கொண்டுபோனது. முற்றத்தில் இப்போது வெயில் நேராக விழுகிறது, கண் கூசுகிறது. கட்டிலை உள்ளே போட்டுவிட்டேன்.

ஒவ்வொரு கடிதத்திலும் மருமகன் வரும்போது, மருமகன் வரும்போது என்று எழுதினாயே. இடுப்பில் தூக்கி வளர்த்த அத்தை நீ. அவனுக்காக நீ ஒரு நாளாவது வாய்விட்டு அழுதிருப்பாயா? என் பயத்தில் அழுதிருக்க மாட்டாய். உன் அண்ணன் குளிக்கும்போது குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுவாராம், நேற்றுத்தான் சொன்னார். எல்லோரையும் நான் இப்படிக் கட்டிப்போட்டு வைத்திருக்கிறேன்.

உன் மீதிப் பந்தல் எப்படி இருக்கிறது? புதிதாகச் சிவந்ததா? விஜயராஜ் தம்பி சாப்பிடுகிறாரா? உண்மையை எழுது. இல்லை, எழுத வேண்டாம். புறப்பட்டு வா. போனை நானே எடுத்து உன்னைக் கூப்பிட்டிருப்பேன், இதைச் சொல்லக் குரல் வராது என்று எழுதுகிறேன்.

நான் இன்னும் அழவில்லை ஜெஸ்மி. தனியாகத் தொடங்கப் பயமாக இருக்கிறது. நீ வா.

உன் மைனி,
கிருபாபாய்